நெருப்பில் பிழைக்கும் காடு!

தீக்குச்சியை நட்டுப் பாடம் படிக்கும் மாணவர்கள்

வகுப்பறையில் ஒரு காடு தீப்பற்றி எரிகிறது!

மாணவ-மாணவிகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். யாரும் ஓடவில்லை. ஒரு சிறுவன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்கிறான். ஒரு சிறுமி அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாள். ஆசிரியை தண்ணீரைப் பக்கத்தில் தயாராக வைத்திருக்கிறார்.

எரிவது உண்மையான காடு அல்ல. தீக்குச்சிக் காடு!

ஒரு பலகை. அதில் வரிசை வரிசையாகச் சிறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு தீக்குச்சி, மருந்து மேலே இருக்கும்படி நிற்கிறது. ஒரு குச்சி என்றால் ஒரு மரம்.

முதலில் பலகையைச் சமமாக வைக்கிறார்கள். குச்சிகளை இடம் விட்டு விட்டு நடுகிறார்கள். ஓரத்துக் குச்சியில் தீ வைக்கப்படுகிறது. அது எரிகிறது. பக்கத்தில் ஒன்றிரண்டு பற்றிக் கொள்ளலாம். பிறகு தீ அடங்கி விடுகிறது. மற்ற "மரங்கள்" பிழைத்துக் கொள்கின்றன.

அடுத்து, குச்சிகளை நெருக்கமாக நடுகிறார்கள். பலகையை மலைச் சரிவு போலச் சாய்த்து நிறுத்துகிறார்கள். அடிவாரத்துக் குச்சியில் தீ வைத்ததுதான் தாமதம், 'விர்' என்று மேலே ஏறுகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் உச்சிக் குச்சியும் எரிந்து விடுகிறது!

ஏன் இப்படி?

சூடு மேல் நோக்கிப் போகும். சரிவில் மேலே நிற்கும் மரம், கீழே எரியும் ஜுவாலைக்கு மிக அருகில் இருக்கிறது. தீ வந்து தொடுவதற்கு முன்பே அது காய்ந்து, சூடேறி, பற்றிக் கொள்ளத் தயாராகி விடுகிறது.

இது அமெரிக்காவில் உள்ள மாண்டானா மாநிலப் பள்ளிக்கூடங்களுக்காக உருவான பாடம். ராக்கி மலைத்தொடர் ஓடும் பகுதி அது. மலை எங்கும் பைன் மரக் காடுகள். கோடைக் காலம் வந்தால் காட்டுத் தீயும் வந்து விடும். புகை ஊருக்குள் புகுந்து, பட்டப் பகலில் சூரியன் சிவப்பாகத் தெரியும்.

அங்கே பிறந்த குழந்தைக்குத் தீயைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியாது.

(சிறுவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. பெரியவர்களின் துணையோடு, தீயை அணைக்க எல்லா ஏற்பாடும் செய்து கொண்டு நடத்தப்படும் சோதனை இது.)

13 பேர் பலி

பலகையைச் சாய்த்தால் தீ ஓடுகிறது என்பது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் இதே மாண்டானாவில் அது 13 உயிர்களைக் குடித்திருக்கிறது.

1949-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி. மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் காட்டுத் தீ பிடித்தது. மிசூலா நகரில் இருந்து விமானத்தில் தீயணைப்பு வீரர்கள் புறப்பட்டார்கள். காட்டுக்கு மேலே விமானம் பறந்தது. 15 வீரர்கள் பாராசூட் கட்டிக் கொண்டு குதித்தார்கள். தரையில் இன்னொரு வன ஊழியர் அவர்களோடு சேர்ந்து கொண்டார்.

எல்லோரும் வாலிபர்கள். "சிறிய தீதான், காலைக்குள் அணைத்து விடலாம்" என்றே அவர்கள் நினைத்தார்கள்.

காற்று திரும்பியது. எதிர்ப் பக்கத்தில் எரிந்து கொண்டிருந்த தீ, பள்ளத்தாக்கைத் தாண்டி அவர்கள் நின்ற சரிவின் அடிவாரத்தில் பற்றிக் கொண்டது. காய்ந்த புல்லில் ஏறி, அவர்களைத் துரத்தியது.

வீரர்கள் மேலே ஓடினார்கள். செங்குத்தான சரிவு. மனிதனுக்கு மேலே ஏறுவது கஷ்டம். தீக்கு மேலே ஏறுவதுதான் சுலபம்!

அப்போது அவர்களின் தலைவர் வேக்னர் டாட்ஜ் ஒரு காரியம் செய்தார். சட்டென்று நின்றார். ஒரு தீக்குச்சியைக் கிழித்து, தமக்கு முன்னால் இருந்த புல்லில் வைத்தார். புல் எரிந்து சாம்பலாயிற்று. அந்தச் சாம்பலுக்குள் நுழைந்து குப்புறப் படுத்துக் கொண்டார். மற்றவர்களையும் வரும்படி கூப்பிட்டார்.

யாரும் வரவில்லை. பெரிய தீ துரத்தும்போது இன்னொரு தீ வைக்கிறாரே என்று அவர்களுக்குப் புரியவில்லை.

ஏற்கனவே எரிந்த இடத்தில் தீக்குத் தின்ன ஒன்றும் இல்லை. பெரிய தீ டாட்ஜைச் சுற்றிக் கொண்டு போய் விட்டது. அவர் பிழைத்தார். இன்னும் 2 பேர் பாறை இடுக்கு வழியாக உச்சியைத் தாண்டிப் பிழைத்தார்கள். மற்ற 13 பேரும் மாண்டு போனார்கள்.

அமெரிக்காவையே உலுக்கிய சம்பவம் இது. தீ எப்படிப் பரவுகிறது என்பதை முறையாக ஆராய வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்தது. 1960-ம் ஆண்டில், அதே மிசூலாவில், வன இலாகா காட்டுத் தீக்கு என்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது.

பெட்டியில் வந்த பாடம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜேன் கேப்ளர் ஸ்மித் என்ற பெண்மணி. "விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்" என்ற நோக்கத்தோடு, நான்சி மெக்மரே என்பவருடன் சேர்ந்து ஒரு பாடத் திட்டத்தைத் தயாரித்தார். 2000-ம் ஆண்டில் அது வெளியாயிற்று.

அதன் பெயர் "பயர் ஒர்க்ஸ்". சேர்த்துச் சொன்னால் வாணவேடிக்கை என்று அர்த்தம். பிரித்துச் சொன்னால் "தீ வேலை செய்கிறது" என்று அர்த்தம்!

புத்தகத்தோடு ஒரு பெரிய டிரங்குப் பெட்டியும் உண்டு. மரப்பட்டைகள், பைன் காய்கள், மரத் துண்டுகள், படங்கள், சோதனைச் சாமான்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு பள்ளி இரவல் வாங்கிப் பாடம் நடத்தி விட்டுத் திருப்பித் தரும். பிறகு அது அடுத்த பள்ளிக்குப் போகும்.

இந்தப் பாடத்தில் ஒரு சுவையான ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு மாணவனும் காட்டில் உள்ள ஒரு மரத்தையோ, செடியையோ, பிராணியையோ, காளானையோ "தத்து" எடுத்துக் கொள்ள வேண்டும். தீ வந்தால் தன் பிள்ளை என்ன ஆகும், எப்படிப் பிழைக்கும் என்று படித்துக் கண்டுபிடித்து வகுப்பில் சொல்ல வேண்டும்.

ஓடத் தெரியாத மரம், தீயில் எப்படிப் பிழைக்கும்? அங்கேதான் அதிசயம் தொடங்குகிறது.

மரம் போட்ட கவசம்

முதலில் பாண்டரோசா பைன் மரம்.

இந்த மரத்தின் பட்டை, வயது ஏற ஏறத் தடித்துக் கொண்டே போகும். முதிர்ந்த மரத்தில் 3 அங்குலத்துக்கு மேலும் இருக்கும். செதில் செதிலாக, வெட்டி ஒட்டிய அட்டை போல இருக்கும். வெயில் நேரத்தில் மூக்கை வைத்து முகர்ந்தால் வெனிலா வாசனை அடிக்கும்!

பட்டைக்கு அடியில் உயிருள்ள ஒரு மெல்லிய பகுதி இருக்கிறது. மரம் பருப்பது அதனால்தான். அங்கே உஷ்ணம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டால் அந்தப் பகுதி செத்து விடும். மரத்தைச் சுற்றிலும் அப்படிச் செத்தால், மரமும் செத்து விடும்.

தடித்த பட்டை அந்தச் சூட்டை உள்ளே விடுவதில்லை. தீ படும்போது மேல் செதில்கள் தெறித்து விழுகின்றன. விழும்போது சூட்டையும் கொண்டு போய் விடுகின்றன.

வகுப்பில் இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். தடித்த பட்டை ஒன்று. மெல்லிய பட்டை ஒன்று. இரண்டுக்கும் வெளியே சூடு காட்டி, உள்பக்கம் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று தெர்மாமீட்டர் வைத்து அளக்கிறார்கள். அடுப்பில் இருந்து பாத்திரத்தை இறக்கும் அம்மா, மெல்லிய துணியை விட்டு விட்டு மடித்த துணியை ஏன் எடுக்கிறாள் என்பது அப்போது புரியும்.

பாண்டரோசாவுக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. வளர வளரத் தன் கீழ்க் கிளைகளை உதிர்த்து விடும். தரையில் புல் எரிந்தாலும், தீ பிடித்து ஏறக் கீழே கிளை இருக்காது.

லார்ச் என்ற மரத்துக்கும் தடித்த பட்டை உண்டு. அது பைன் மரம் போல இருந்தாலும் ஆண்டு தோறும் இலையை உதிர்த்து விட்டுப் புதிதாகத் துளிர்க்கும். ஆகவே தீயில் இலை கருகினாலும் அதற்குக் கவலை இல்லை. மீண்டும் துளிர்த்துக் கொள்ளும்!

பூட்டிய பெட்டி

லாட்ஜ்போல் என்று இன்னொரு பைன் மரம். அதன் பட்டை மெல்லியது. பெரிய தீ வந்தால் மரம் செத்தே போகும்.

ஆனால் பிள்ளைகளுக்குச் சொத்து சேர்த்து வைத்து விட்டுத்தான் சாகும்!

லாட்ஜ்போல் மரங்கள் பலவற்றில் காய்கள் பழுத்த பிறகும் திறப்பதில்லை. செதில்களைப் பிசின் இறுக ஒட்டி வைத்திருக்கும். உள்ளே விதைகள். இப்படிப் பூட்டிய காய்கள் ஆண்டுக் கணக்கில் கிளையிலேயே இருக்கும்.

தீ வந்தால் பிசின் உருகும். ஏறத்தாழ 45 டிகிரி முதல் 60 டிகிரி சென்டிகிரேடு சூடு போதும். தீ கடந்து போன பிறகு செதில்கள் மெல்ல விரிந்து, விதைகள் சாம்பலில் விழும். மேலே நிழல் இல்லை. போட்டிக்கு வேறு செடி இல்லை. சாம்பலே உரம்.

மாணவர்கள் பூட்டிய காயைக் கையில் வாங்கித் திறந்து பார்க்க முயற்சி செய்கிறார்கள். நகம் வலிக்கிறதே தவிர காய் திறப்பதில்லை. பிறகு அதற்குச் சூடு காட்டுகிறார்கள். செதில்கள் விரிகின்றன. உள்ளே இருந்து இறக்கை வைத்த விதை விழுகிறது!

இது வகுப்பறை வித்தை மட்டும் அல்ல. 1988-ம் ஆண்டில் நாடே பார்த்த காட்சி.

மாண்டானாவின் தெற்கு எல்லையில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா இருக்கிறது. அந்த ஆண்டு கோடையில் மழை பொய்த்தது. பூங்காவில் தீ பிடித்தது. ஒரே சமயத்தில் 9 ஆயிரம் பேர் வரை போராடியும் அணைக்க முடியவில்லை. செப்டம்பர் 11-ந் தேதி வானத்தில் இருந்து பனி விழுந்த பிறகுதான் தீ அடங்கத் தொடங்கியது. பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது ஏறக்குறைய 7 லட்சத்து 94 ஆயிரம் ஏக்கர் நிலத்தைத் தீ தொட்டு விட்டது.

"எல்லோஸ்டோன் அழிந்தது!" என்றே பலர் கண்ணீர் விட்டார்கள்.

விஞ்ஞானிகள் குனிந்து தரையைப் பார்த்தார்கள். எரிந்த லாட்ஜ்போல் காடுகளில், ஒரு ஏக்கருக்கு 50 ஆயிரம் முதல் 10 லட்சம் விதைகள் வரை விழுந்து கிடந்தன!

யாரும் அங்கே கன்று நடவில்லை. காடு தானாகவே முளைத்தது.

மண்ணுக்குள் புதையல்

சிறிய செடிகளுக்குத் தடித்த பட்டையும் இல்லை, பூட்டிய காயும் இல்லை. அவை என்ன செய்யும்?

மண்ணுக்குள் ஒளிந்து கொள்ளும்!

சூடு மேலே போகும் என்று முன்பே பார்த்தோம். கீழே அது அதிகமாக இறங்குவதில்லை. மேலே கொழுந்து விட்டு எரிந்தாலும், பெரும்பாலான இடங்களில் ஓரிரு அங்குல ஆழத்துக்குக் கீழே மண் குளிர்ச்சியாகவே இருக்கும். பெரிய கட்டைகள் விழுந்து நெடுநேரம் கனன்று எரியும் இடத்தில்தான் ஆழத்துக்குச் சூடு இறங்கும்.

ஆகவே வேர், கிழங்கு, மண்ணுக்குள் படரும் தண்டு ஆகியவை பிழைக்கின்றன. வாழையை வெட்டினாலும் கிழங்கில் இருந்து கன்று வருவது போல, எரிந்த தரையில் இருந்து புதுத் தளிர் வருகிறது. ஆஸ்பென் என்ற மரம், தலை எரிந்து போனால் வேரில் இருந்து பல கன்றுகளை விடும்.

"பயர்வீடு", அதாவது தீப்பூண்டு என்று பெயர் பெற்ற செடி ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் படரும் தண்டில் இருந்தும் முளைக்கும். பஞ்சு போன்ற விதை காற்றில் பறந்து வந்தும் முளைக்கும். கரி படிந்த மலைச் சரிவில், அடுத்த ஆண்டே அதன் இளஞ்சிவப்புப் பூக்கள் பாய் விரித்தது போலப் பூத்து நிற்கும்.

இன்னும் சில செடிகள் விதையாகவே காத்திருக்கும். "சியனோத்தஸ்" என்ற புதரின் விதைக்கு மேலே கடினமான தோல் உண்டு. தண்ணீர் உள்ளே போகாது. நூறு ஆண்டுகளுக்கு மேலும் அது மண்ணில் தூங்கும். தீயின் சூட்டில் தோல் வெடித்தால்தான் விழித்து முளைக்கும்!

பெட்டியில் உள்ள வேர்களையும் கிழங்குகளையும் பார்த்தே, இது எந்தச் செடி என்று சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு இது புதையல் தேடும் விளையாட்டு.

பிராணிகள் என்ன செய்யும்?

மரத்தைத் தத்து எடுத்த பிள்ளைகளை விட, பிராணியைத் தத்து எடுத்த பிள்ளைகளுக்குத்தான் கவலை அதிகம். "மான் குட்டி செத்துப் போகுமா?"

பெரிய மிருகங்கள் பெரும்பாலும் தீயைக் கண்டு விலகி நடந்து விடுகின்றன. எல்லோஸ்டோனில் தீ எரிந்து கொண்டிருக்கும்போதே, சற்றுத் தள்ளி எல்க் மான்கள் மேய்ந்து கொண்டிருந்தன!

எல்லாம் தப்பவில்லை. 1988-ம் ஆண்டுத் தீயில் அங்கே 345 எல்க் மான்கள் இறந்தன. பெரும்பாலும் புகையில் மூச்சுத் திணறி இறந்தவை அவை. 9 காட்டெருமைகளும், 6 கருங்கரடிகளும் மாண்டன. அப்போது அந்த வட்டாரத்தில் 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட எல்க் மான்கள் இருந்தன.

தரை அணில் போன்ற சிறு பிராணிகள் வளைக்குள் புகுந்து கொள்கின்றன. மேலே தீ போய் விடும். பறவைகள் பறந்து விடும். ஆனால் கூட்டில் இருக்கும் குஞ்சுக்குப் பறக்கத் தெரியாது. வளை இல்லாத சிறு பிராணிகளும் தப்புவது கஷ்டம். பாடத்தில் இதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

தீயைத் தேடி வருகிறவர்களும் உண்டு!

ஒரு வகைக் கரு வண்டுக்கு உடம்பிலேயே சூட்டை உணரும் உறுப்பு இருக்கிறது. எல்லாப் பூச்சிகளும் தீயை விட்டு ஓடும்போது, இது தீயை நோக்கிப் பறக்கிறது. சூடு ஆறாத மரத்தில் முட்டை இடுகிறது. முட்டையில் இருந்து வரும் புழு, கருகிய மரத்தைக் குடைந்து தின்கிறது.

அந்தப் புழுவைத் தேடிக் கருமுதுகு மரங்கொத்தி வருகிறது. பெயருக்கு ஏற்றபடி அதன் முதுகு கறுப்பு. கருகிய மரத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. பருந்தும் ஏமாந்து போகும். மரங்கொத்தி பொந்து குடைகிறது. அது விட்டுப் போன பொந்தில் மலை நீலப்பறவை கூடு கட்டுகிறது.

செத்த மரம் என்று நாம் நினைத்தது, பலருக்கு வீடாகி விடுகிறது!

மலை உச்சியில் இன்னொரு கூட்டணி. வெண்பட்டைப் பைன் என்ற மரத்தின் காய், பழுத்தாலும் தானாகத் திறக்காது. விதைக்கு இறக்கையும் கிடையாது. நட்கிராக்கர் என்ற காக்கை இனப் பறவை அதை அலகால் உடைத்து, விதைகளை நாக்குக்கு அடியில் உள்ள பையில் நிரப்பிக் கொள்ளும். எரிந்து திறந்த வெளியான இடங்களுக்கும் பறந்து போய் மண்ணில் புதைத்து வைக்கும். பனிக் காலத்துக்குச் சாப்பாடு! எல்லா இடத்தையும் அது மறக்காமல் இருப்பதில்லை. எல்லா விதையையும் தின்பதும் இல்லை. மிஞ்சியது முளைத்து மரமாகும்.

மரம் எழுதிய நாட்குறிப்பு

பெட்டியில் பாண்டரோசா மரத்தின் குறுக்கு வெட்டுத் துண்டு ஒன்று இருக்கும். ஆண்டுக்கு ஒரு வளையம். மாணவர்கள் விரலை வைத்து எண்ணுகிறார்கள். நடுவில் கறுப்புத் தழும்புகள் தெரிகின்றன.

ஒவ்வொரு தழும்பும் ஒரு தீ! தீ சுட்டுத் தழும்பாக்கிய இடத்தை மரம் புதுக் கட்டையால் மூடி மேலே வளர்ந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால், அந்தக் காலத்தில் பாண்டரோசாக் காடுகள் பலவற்றில் 5 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒரு தடவை தீ வந்து போயிருக்கிறது. புல்லையும் சருகையும் தின்று விட்டுப் போகும் சிறிய தீ.

மின்னலும் ஒரு காரணம். மனிதனும் ஒரு காரணம். அந்த மலைகளின் பூர்வகுடிகளான சேலிஷ் மக்கள், புல் தழைக்கவும், பழப் புதர்கள் காய்க்கவும், பாதை திறக்கவும் காலம் பார்த்துத் தீ வைத்தார்கள். எங்கே, எப்போது வைப்பது என்று தெரிந்த ஒருவரிடம் அந்தப் பொறுப்பு இருந்தது.

துண்டின் வெளிப் பக்கத்துக்கு வந்தால், தழும்புகள் நின்று போகின்றன! அதற்குப் பிறகு தீயே இல்லை. ஏன்?

1910-ம் ஆண்டு ஆகஸ்டு 20, 21 ஆகிய இரண்டே நாட்களில், இடாஹோ, மாண்டானா மாநிலங்களில் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. குறைந்தது 85 பேர் மாண்டார்கள். அது முதல், தீ என்றாலே எதிரி என்று வன இலாகா முடிவு கட்டியது. 1935-ல் கண்டிப்பான உத்தரவு பிறந்தது. எங்கே தீ தெரிந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கி விட வேண்டும்! 1944-ல் "ஸ்மோக்கி" என்ற தொப்பி போட்ட கரடிப் படம் நாடெங்கும் ஒட்டப்பட்டது. காட்டுத் தீயைத் தடுக்கும்படி அது குழந்தைகளைக் கேட்டது.

தீ குறைந்தது. ஆனால் காடு மாறியது.

சிறிய தீ தின்ன வேண்டிய சருகும் குச்சியும் தரையில் குவிந்தன. சிறு தீயில் கருகி இருக்க வேண்டிய இளம் மரங்கள் பாண்டரோசாவின் காலடியில் நெருங்கி வளர்ந்தன. அவை ஏணியாக நின்றன. கீழே பற்றிய தீ, அந்த ஏணியில் ஏறி உச்சிக்குப் போகலாம். 3 அங்குலப் பட்டை அடிமரத்தைக் காக்கும். தலையில் பிடித்த தீக்கு அது என்ன செய்யும்?

நெருக்கமாக நட்ட தீக்குச்சிப் பலகை காட்டுவதும் இதைத்தான்.

தவறு புரிந்தது. காலை 10 மணி உத்தரவை 1978-ல் வன இலாகா கைவிட்டது. அதன் பிறகு, சில இடங்களில் நெருங்கிய சிறு மரங்களை வெட்டி எடுக்கிறார்கள். சில இடங்களில் காற்றும் ஈரமும் பார்த்து, ஆட்களைக் காவல் நிறுத்தி, அவர்களே சிறு தீ வைக்கிறார்கள்.

சாமர்த்தியம் பலிக்காத இடம்

அப்படியானால் எந்தத் தீயும் காட்டுக்கு நல்லதா?

இல்லை. ஒவ்வொரு சாமர்த்தியத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

2016-ம் ஆண்டில் எல்லோஸ்டோனில் மீண்டும் தீ பிடித்தது. 1988-ல் எரிந்து, புதிதாக முளைத்து, 28 வயது ஆகியிருந்த லாட்ஜ்போல் காடு எரிந்தது. பக்கத்துப் பூங்காவில், 2000-ல் எரிந்து முளைத்த 16 வயதுக் காடும் அதே ஆண்டில் எரிந்தது.

மரங்கள் இன்னும் போதுமான விதையைச் சேர்த்து வைக்கவில்லை. பெட்டியில் சொத்து சேருவதற்கு முன்பே பூட்டை உடைத்தது போல ஆகி விட்டது. மறுபடியும் முளைத்த கன்றுகளின் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்காகக் குறைந்து விட்டது என்று 2019-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது.

உலகம் சூடாகி வருகிறது. கோடை நீள்கிறது. காடு காய்கிறது. தீ அடிக்கடி வருகிறது. மலை உச்சி வெண்பட்டைப் பைன் மரமோ, நோயாலும் வண்டாலும் ஏராளமாகச் செத்து வருகிறது. 2022-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அதை ஆபத்தில் உள்ள இனம் என்று பட்டியலில் சேர்த்தது. நட்கிராக்கர் புதைப்பதற்கு விதை வேண்டுமே!

தத்து எடுத்த மாணவன் தன் பிள்ளையைப் பற்றி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "எப்படிப் பிழைக்கும்?" என்பது ஒன்று. "எப்படிப்பட்ட தீ வந்தால் பிழைக்காது?" என்பது இன்னொன்று.

மனிதனுக்கு என்ன உண்டு?

காட்டு உயிர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. ஒரே ஓர் உயிர் மட்டும் பாக்கி. மனிதன்!

அவனுக்குத் தடித்த பட்டை இல்லை. வளை இல்லை. இறக்கை இல்லை. வேரில் இருந்து மறுபடியும் துளிர்க்க அவனால் முடியாது. சரிவில் ஓடினாலும் தீ அவனை முந்தி விடும்.

மான் கல்ச்சில் டாட்ஜ் பிழைத்தது காலின் வேகத்தால் அல்ல. எரிந்த இடம் மறுபடியும் எரியாது என்பது அந்த நிமிடத்தில் அவருடைய மூளைக்கு எட்டியது. கூட இருந்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல அவருக்கு நேரம் இல்லை. அந்த மலையில் இன்றும் 13 நினைவுக் கற்கள் நிற்கின்றன.

வகுப்பறையில் நேரம் இருக்கிறது.

காட்டை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்கு அங்கே சில யோசனைகள் சொல்லப்படுகின்றன. கூரையிலும் தண்ணீர்க் குழாயிலும் விழுந்து கிடக்கும் பைன் இலைகளைக் கூட்டித் தள்ள வேண்டும். விறகைச் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது. வீட்டைச் சுற்றிக் காய்ந்த புல் இருக்கக் கூடாது. மரங்களின் தாழ்ந்த கிளைகளை வெட்டி விட வேண்டும்.

கடைசி யோசனையைக் கேட்டதும், பாடம் படித்த பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பாண்டரோசா மரம் தானாகவே செய்யும் காரியம்தானே அது!